தளபதிக்கு அக்கா கிடையாது

12 பிப்ரவரி 2023

அன்புத் தங்கை யுவனேஸ்வரிக்கு,

அண்ணன் தீபன் எழுதுவது. நான் நலம். இங்கே சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுகிறது, ருசிதான் கூட வருவதில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சட்டைக் காலர் தைக்கிற அவசரத்தில் பிஸ்கட்டோடு நாளை ஓட்டுகிறாயா?

யாரும் என்னைப் பார்க்க வரவேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து அழுவதை என்னால் பார்க்க முடியாது. வீட்டுத் தொல்லை எதையும் எழுதவும் எழுதாதே. படித்தால் கோபம் வரும், கோபத்தில் இங்கே யாரையாவது அடித்துவிடுவேன், அப்புறம் நன்னடத்தைக்குக் கழிக்கிற நான்கு மாதமும் போய்விடும். மேனேஜர் மூக்கை உடைத்ததற்குப் பன்னிரண்டு மாத ஜெயிலே போதும்.

என் போனைப் பத்திரமாக வை. தெப்ராவ் தொழிற்சாலையில் அந்த மெஷின் தடுப்புக் கதவே இல்லாமல் ஓடியதை விபத்தன்று காலையில் நான் எடுத்த படம் அதில்தான் இருக்கிறது. மதியம் அதில் வேலை செய்த சின்னத்தம்பியின் மூன்று விரல் போனது. அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதனால்தான் அடித்தேன். அதற்காக இன்னும் வருத்தப்படவில்லை. அவனுடைய இழப்பீட்டு வழக்கு அக்டோபரில். செப்டம்பர் கடைசியில் நான் வெளியே வந்து, அந்தப் படத்தை என் கையாலேயே கொடுப்பேன். அதுவரை யாருக்கும் காட்டாதே.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் என் ஆட்டம் 187ஆம் சுற்றில் நிற்கிறது. நம்முடையது சின்ன நாடு. எதிரே மஞ்சள் கொடித் தளபதி, வடக்கு ராணி, உப்புத் தீவு ராஜா, மலைத் துறவி என்று நான்கு பேர். நான்கு பேருக்கும் கம்ப்யூட்டர்தான் ஆடும். நீ ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்துச் சுற்று ஆடிவிட்டு நடந்ததை எழுது. கண்ணாடி வில்லை செய்யும் தொழில்நுட்பம் நம்மிடம் மட்டும்தான் உண்டு. அதை யாருக்கும் விற்காதே. தளபதி வந்து சும்மா கொடு என்று கேட்பான். இடது பக்கம் 'முடியாது' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்து.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.
தீபன்


5 மார்ச் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

யுவா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு மழை பெய்தால் மட்டும்தான் முழங்கால் வலிக்கிறது, ஆனால் பத்து பாகாட்டில் தினமும் மழை. உனக்குக் கொசுக்கடி உண்டா? பல்வலி போய்விட்டதா?

உன் பத்துச் சுற்றுக்கு என் ஞாயிற்றுக்கிழமையே போனது. இந்தக் கண்றாவிக்காகவா கல்யாண வீட்டுக்குக்கூட வராமல் உட்கார்ந்திருப்பாய்? 191ஆம் சுற்றில் உன் தளபதி வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, "நம் நட்பை மதித்தால் கண்ணாடி வில்லையைக் கொடுங்கள்" என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம்! கேட்கிறவன் கொஞ்சமாவது பணிவாகக் கேட்க வேண்டாமா? 'முடியாது' பொத்தானை நான் குத்திய குத்தில் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"யாருகிட்டடி சண்ட போடுற?"

"தளபதிகிட்டம்மா."

"வந்தவருக்குக் கோப்பி வேணுமான்னு கேளு."

அம்மா அம்மாதான். ஒரு தப்பு நடந்துவிட்டது, திட்டாதே. வடக்கு ராணி மரியாதையாகக் கேட்டாள், காகிதம் செய்யும் முறையைச் சும்மா கொடுத்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இப்போது 197ஆம் சுற்றில் நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். யாரையும் அடிக்காதே.
யுவா


19 மார்ச் 2023

அன்புள்ள யுவாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடு.

ராணிக்குச் சும்மா கொடுத்தாயா? அலாமாக்! உனக்குப் பாவமாக இருக்கிறது, கம்ப்யூட்டருக்குப் பாவம் என்று ஒன்று கிடையாது. நன்றாகக் கேட்டுக்கொள். நீ ஒரு சுற்றை முடித்ததும் அந்த நான்கு பேரும் தங்களுக்குள் பண்டமாற்று செய்துகொள்வார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் அடுத்த சுற்றில் அவள் அதை மற்ற மூவருக்கும் விற்று லாபம் பார்த்துவிடுவாள். அதனால் கொடுப்பதாக இருந்தால் 'அடுத்த சுற்று' பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், ஒரே சுற்றில் எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தளபதியை மறுத்தது சரி. அவன் கணக்கில் ஒரு கசப்புப் புள்ளி விழுந்திருக்கும். அது ஆட்டம் முடியும்வரை அழியாது, விடு. பத்துச் சுற்றுக்கு அவன் அந்தப் பேச்சே எடுக்கமாட்டான், 201இல்தான் வருவான். அதற்குள் நீ வெடிமருந்தைத் தயார் செய். எல்லையில் இருக்கிற பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கிழக்கு வாசலில் இருபது பேரை நிறுத்து. யாருக்கும் சந்தேகம் வராதபடி செய்.

பதில் சீக்கிரம் எழுது.
தீபன்


23 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் எழுதி ஏழு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ராணிக்குக் கொடுத்ததற்கு இத்தனை கோபமா? காய்ச்சலா? அங்கே யாரையாவது அடித்துவிட்டாயா? அம்மா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். திறந்ததை மூடவும் மாட்டேன் என்கிறார், உள்ளே பல்லி குடிவந்துவிட்டது.

வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆட்டமும் நன்றாகப் போகிறது. தளபதி போன வாரம் வந்து கண்ணாடி வில்லையைக் கேட்டான், முடியாது என்றேன். மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

வேறு விசேஷம் இல்லை.
யுவா


7 மே 2023

அன்புள்ள யுவாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? எனக்குக் காய்ச்சலும் இல்லை, கோபமும் இல்லை.

என் மார்ச் கடிதம் உனக்கு இந்தக் கடிதத்தோடு சேர்ந்துதான் வரும். இங்கே தமிழ்க் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்புகிறவர் யுகேந்திரன் சார். வெடிமருந்து, பாலம், கிழக்கு வாசலில் இருபது பேர், யாருக்கும் சந்தேகம் வராதபடி என்றெல்லாம் படித்தால் மனிதர் என்ன நினைப்பார்? என்னைக் கூப்பிட்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து விசாரித்தார்கள்.

"யாருடா அந்தத் தளபதி? எந்த ஊரு?"

"அவரு கம்ப்யூட்டர் சார்."

அதைச் சொன்ன பிறகுதான் சந்தேகம் அதிகமானது. ஒரு தாளில் வரைபடம் போட்டு விளக்கினேன், அந்த வரைபடத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருவழியாக யுகேந்திரன் சாருக்குப் புரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை, "உன் தங்கச்சி என்ன பண்ணுச்சு?" என்று கேட்கிறார்.

அது சரி, தளபதி மறுநாளே எப்படி வருவான்? 201ஆம் சுற்று வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதே. நீ சுற்றை எண்ணத் தவறியிருப்பாய். கவனமாகப் பார்த்து எழுது.

அம்மாவிடம் தபால் பெட்டியை மூடச் சொல்.
தீபன்


28 மே 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வெடிமருந்துக் கதையை வாசித்து நானும் அம்மாவும் வெகுநேரம் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் எண்ணத் தவறவில்லை. இந்தத் தளபதி அப்படித்தான் வருகிறான். போன வாரம் தன் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினான். அவனுடைய அக்கா அழுதாள். கண்ணாடி வில்லையைக் கொடுத்துவிட்டால் போன நகரத்தையும் திருப்பித் தருகிறேன், கூட ஒரு நகரமும் தருகிறேன் என்றான். முடியாது என்றேன். அடுத்த தடவை கேட்கமாட்டேன், நானே தேடி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அரண்மனையில் ஒருமுறை தேடிப் பார்த்தும்விட்டான். ஆனால் அதை நான் அரண்மனையில் வைக்கவில்லை. தையற்கூடத்தில் ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முடியாது, முடியாது என்று சொல்லி வாய் வலிக்கிறது. என்ன செய்வது என்று நீதான் சொல்லவேண்டும். சீக்கிரம் எழுது.

யுவா


11 ஜூன் 2023

என் அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா என்று இந்தமுறை சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

விளையாட்டில் யாருக்கும் அக்கா கிடையாது, யுவா. பக்கத்தில் யாரையும் உட்காரவைத்து அழவிடவும் அதற்குத் தெரியாது. இருநூறு தடவை ஆடியிருக்கிறேன், எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு தொழில்நுட்பத்துக்காக நகரத்தைத் தருகிறேன் என்று சொன்னதில்லை. உன் தளபதி யோங் பெங்கிலிருந்து வெள்ளை வண்டியில்தானே வருகிறான்? மீசைக்குச் சாயம் பூசியிருப்பானே? அந்தத் தொழிற்சாலைக்கு அறுபது ஆட்களை அனுப்பிப் பிழைக்கிறவன்தானே? அழுத அக்கா நம் அம்மாதானே? நீ ஏப்ரலிலிருந்து ஆடவே இல்லை. கம்ப்யூட்டரையும் ரமணன் மாமா எடுத்துக்கொண்டு போயிருப்பார், படம் அதில் இருக்கும் என்று.

நான் கோபப்படுவேன் என்றுதானே மறைத்தாய். கோபம் வந்தது. யாரையும் அடிக்கவில்லை, சுவரைக்கூடத் தொடவில்லை. என்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எல்லாருக்கும் பாடம் நடத்துகிற நான் அந்தப் படத்தை ஒற்றை ஆளாக அமுக்கி வைத்திருந்தேன், வெளியே வந்து என் கையால் கொடுத்துப் பெயர் வாங்கவேண்டும் என்று. ஒருவரிடம் மட்டும் இருக்கிற பொருளுக்காகத்தான் படையெடுத்து வருவார்கள். எல்லாரிடமும் இருந்துவிட்டால் எதற்கு வரப்போகிறார்கள்?

அதனால் கண்ணாடி வில்லையைக் கொடுத்துவிடு. ஒரே சுற்றில் எல்லாருக்கும் கொடு. ஒருவரையும் விடாதே. அடுத்த சுற்றை அழுத்துவதற்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தீபன்


16 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி எதையும் மறைக்கப்போவதில்லை. ஆமாம், மாமாதான். ஏப்ரல் முதல் வாரம் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். அது பழுதாகவே இல்லை! போனையும் கொடு, படத்தை அழித்துவிடு, தீபனும் நான் சொல்கிற தாளில் கையெழுத்துப் போடட்டும், பழைய வேலையையும் வாங்கித் தருகிறேன், உனக்கும் அங்கே அலுவலகத்தில் ஓர் இடம் தருகிறேன் என்றார். நான் சொன்ன இரண்டு நகரம் அவைதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா நல்லதுக்குத்தானேடி சொல்றான்" என்று அழுதார்.

உன் கடிதம் வந்த மறுநாள் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். போனை எடுத்துக்கொண்டு எங்கள் தையல் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தேன். சின்னத்தம்பியின் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு அனுப்பினேன். தொழிற்சங்கத்துக் கண்ணையா அண்ணனுக்கு அனுப்பினேன். வழக்கைப் பார்க்கிற வக்கீலின் நம்பரைக் கிருஷ்ணம்மாவிடம் வாங்கி அவருக்கும், தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஒருவரையும் விடாதே என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? உன் மேனேஜருக்கு அனுப்பினேன். கடைசியாக மாமாவுக்கும் அனுப்பினேன். மணி அடித்தது, நான் காலர் தைக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்ட நீ?"

"எல்லாருக்கும் குடுத்துட்டேன் மாமா. உங்களுக்கும்தான் வந்திருக்கு, பாருங்க."

"அறுபது ஆளுங்க பொழப்புலா அது! எல்லாத்தையும் வெரட்டி விட்டா நீயா சோறு போடுவ?"

"அந்த அறுபது பேருக்கும் பத்து வெரலும் இருக்கட்டும் மாமா."

போனை வைத்துவிட்டார்.

அம்மா என்னிடம் பேசி மூன்று வாரம் ஆகிறது. சோறு போடுகிறார், துணி மடித்து வைக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. கூடப்பிறந்த ஒரே தம்பியைப் பிரித்துவிட்டாயே என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். அது வலிக்கிறது அண்ணா. ஆனால் மறுபடியும் அப்படியொரு நாற்பது நிமிடம் கிடைத்தால் அதையேதான் செய்வேன்.

யுவா


6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள யுவாவுக்கு,

நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்கு முன்னாலேயே படித்துவிட்ட யுகேந்திரன் சார், கொடுக்கும்போது, "தளபதிக்கே அனுப்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நான் இத்தனை வருஷம் ஆடியதில் எதிரிக்கும் சேர்த்துக் கொடுத்ததில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவிடம் கோபப்படாதே. தாத்தா போனபோது மாமாவுக்கு ஆறு வயது. அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். நான் வந்து பேசுகிறேன். பேசாவிட்டாலும் சோறு போடுகிறாரே, அதுவரைக்கும் பரவாயில்லை.

இன்னும் ஏழு வாரம்.
தீபன்


10 செப்டம்பர் 2023

என் மகன் தீபனுக்கு,

அம்மா கமலாட்சி எழுதுவது. நான் கடிதம் எழுதி முப்பது வருஷம் இருக்கும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் முழங்கால் பரவாயில்லை. உன் உடம்பு எப்படி? இளைத்துப் போயிருப்பாய்.

நீங்கள் இரண்டு பேரும் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். யுவா தான் எழுதுவதற்கும் பிரதி எடுத்து உன் கடிதங்களோடு அலமாரியில் வைக்கிறாள், பூட்டுவதில்லை. தளபதியின் அக்கா அழுதாள் என்று அவள் எழுதியிருந்ததையும் படித்தேன். அழுதது உண்மைதான், படத்தைப் பற்றி ரமணனிடம் சொன்னதும் நான்தான், மறைக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசல் கேட்டின் ஓரத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒயர்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். ரமணன் உள்ளே வராமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லாரிடமும் படம் இருக்கும்போது அவனுக்கு எதற்கு அந்தப் பெட்டி? அதிகாரிகள் போய்ப் பார்த்தார்களாம், இப்போது மெஷின் எல்லாவற்றுக்கும் கதவு போட்டுவிட்டார்களாம். கிருஷ்ணம்மா வந்து சொல்லிவிட்டு யுவாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரமணனின் ஆட்கள் அறுபது பேரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள், ஒருவரையும் விரட்டவில்லை.

போன புதன்கிழமை ரமணன் வந்தான். யுவா வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் படம் விபத்தன்று எடுத்ததல்ல, பழையது என்று யுவா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். "அக்கா, நீ சொன்னா அவ கேப்பா" என்றான். சின்ன வயதில் பசிக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை பார்த்தான். எனக்கு மனசு கிடந்து தவித்தது. ஆனால் சின்னத்தம்பி அதற்கு முந்தின வாரம் நம் வீட்டில் சாப்பிட்டபோது இடது கையால் பிசைந்து சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது.

"முடியாது தம்பி" என்றேன்.

அவனிடம் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. ஐம்பத்தாறு வயதில்தான் சொன்னேன். அவன் கோப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். நீ எழுதியிருந்தாயே, கசப்புப் புள்ளி ஆட்டம் முடியும்வரை அழியாது என்று. அழியாவிட்டால் இருக்கட்டும். நீ ஒன்று தப்பாக எழுதிவிட்டாய். தளபதிக்கு அக்கா உண்டு. அக்காவாக இருந்ததால்தான் அவனை உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிந்தது.

அன்று சாயங்காலம் யுவாவிடம் பேசினேன். என்ன குழம்பு வேண்டும் என்றுதான் கேட்டேன். அதற்கே அழுதுவிட்டாள்.

27ஆம் தேதி உன்னைக் கூட்டிவரச் சின்னத்தம்பி கார் ஓட்டிக்கொண்டு வருகிறான், நாங்களும் வருகிறோம். வரவேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவோம், இனி அதெல்லாம் கேட்பதாக இல்லை.

நேற்று யுவா கம்ப்யூட்டரைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து நான்கு சுற்று ஆடினாள். நீ சொன்னபடியே 201இல் மஞ்சள் கொடிக்காரன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் வந்து பதில் சொல்லட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். நான் பாத்திரம் கழுவி முடித்து வந்து பார்த்தேன், அப்போதும் நின்றுகொண்டிருந்தான். 'முடியாது' பொத்தான் இடது பக்கம் என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நானே அழுத்திவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா